ஒரு சக்கரம் சுற்றுகிறது, இன்னொன்று ஏன் சும்மா நிற்கிறது?

சேற்றில் மாட்டிக்கொண்ட பிக்கப் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரம் ஒன்று தறிகெட்டுச் சுற்றும், பின்னால் நிற்பவன் சட்டை வரைக்கும் சேறு தெறிக்கும், இன்னொரு பின்சக்கரமோ எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் அசையாமல் நிற்கும். போன ஐப்பசியில் பாச்சலூர் பக்கம் சௌசௌ ஏற்றப் போய், தோட்டத்துப் பாதையில் காலி வண்டியோடு நானும் அப்படித்தான் நின்றேன். கூட வந்த அக்கா மகன், லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "மாமா, இன்ஜின் ஒண்ணுதான? ஒரு வீலு இப்படிச் சுத்துது, இன்னொண்ணு ஏன் சும்மா நிக்குது? உள்ள எதுவும் கட் ஆயிருச்சா?"

(அவனிடம் இருப்பது சாதாரண கார் லைசென்ஸ்தான். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு அது போதும், தனியாக வேறு அனுமதி வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இதைத் தெரியாமல் இன்னும் பலர் குழம்புகிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.)

எதுவும் கட் ஆகவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதால்தான் வண்டி மாட்டிக்கொண்டது. அது எப்படி என்று அவனுக்குச் சேற்றில் நின்றபடி சொல்ல முடியவில்லை, வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துத்தான் காட்டினேன். அன்றைக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விடியற்காலையில் நிற்கும் எந்தப் பிக்கப்புக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் வரிசை ஒன்றுதான். பொலேரோ பிக்கப் ஆனாலும் சரி, 2005-இல் வெறும் இரண்டு சிலிண்டர், 702 சிசி இன்ஜினோடு வந்து குட்டியானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் ஆனாலும் சரி, அசோக் லேலண்ட் தோஸ்த் ஆனாலும் சரி, இன்ஜின் முன்னால், அதை ஒட்டி கிளட்ச், அப்புறம் கியர்பாக்ஸ், அதிலிருந்து பின்பக்கம் நீளமாக ஓடும் ஒரு இரும்புக் குழாய், அது போய்ச் சேரும் இடத்தில் பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை, அந்த உருண்டையிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் ஆக்ஸில், கடைசியில் சக்கரம். இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரம்தான் இழுக்கும், நடுவில் இந்த நீளக் குழாய் கிடையாது. பிக்கப்பில் பின்சக்கரம் தள்ளுவதற்குக் காரணம் எளிது: மூட்டையெல்லாம் உட்காருவது பின்னால், எடை இருக்கிற சக்கரம்தான் தரையைப் பிடிக்கும். மேட்டில் ஏறும்போது எடை இன்னும் பின்னுக்குச் சாயும், பிடிப்பு இன்னும் கூடும். ஆனால் காலி வண்டியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். இன்ஜின், கேபின், டிரைவர் எல்லாம் முன்னால், தள்ள வேண்டிய சக்கரத்தின் மேலே வெறும் தகரப் பெட்டி. காலி பிக்கப் மழையில் பின்பக்கம் வழுக்குவதும், லோடு வண்டி தைரியமாக ஏறிய சேற்றில் காலி வண்டி மாட்டுவதும் இதனால்தான்.

கிளட்சைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் ஒரு தட்டு, மிதித்தால் பிடி விடும், காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். பாதி மிதியில் அது உரசுகிறது, உரசினால் தேய்கிறது, அவ்வளவுதான் விஷயம். மேட்டில் முன்னால் பஸ் நின்றால் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். பாதி கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்பது பார்க்கக் கெத்தாக இருக்கும், கருகல் வாடை வந்த பிறகு கெத்து இருக்காது, ஏனென்றால் அந்த ஒரு தட்டை மாற்ற கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டும்.

கியர்பாக்ஸ் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும். முதல் கியரில் இன்ஜின் நாலு சுற்று சுற்றினால் பின்னால் போகும் குழாய் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூசணிக்காய்க்குள் இன்னொரு தடவை நாலுக்கு ஒன்று குறைகிறது. ஆக இன்ஜின் பதினாறு சுற்றுக்குச் சக்கரம் ஒரே சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் சக்கரம் 125 சுற்று. பிக்கப் டயர் ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும் என்பதால் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் வாக்கில் வரும். வேகம் பதினாறில் ஒரு பங்கானால் முறுக்கு, அதாவது சக்கரத்தைச் சுற்றும் பலம், பதினாறு மடங்காகிறது. 200 நியூட்டன் மீட்டர் முறுக்குள்ள இன்ஜின், உராய்வில் போவதைக் கழிக்காமல் பார்த்தால், சக்கரத்தில் 3,200 ஆகிவிடும், அதாவது சுமார் 900 கிலோ விசையோடு வண்டியை முன்னால் தள்ளும். மூன்று டன் வண்டியை வடகாடு மலைப்பாதையில் ஏற்ற அது தாராளம். இதே வண்டியில் குழாயும் இன்ஜினும் ஒரே வேகத்தில் சுற்றும் கியரைப் போட்டால் அதே 2,000 சுற்றில் மணிக்கு 66 கிலோமீட்டர் போகலாம், ஆனால் தள்ளும் விசை நாலில் ஒன்றுதான். இன்ஜின் முக்கும்போது கியரை இறக்கு என்று பழைய டிரைவர்கள் திட்டுவது இதைத்தான்.

மலையில் ஏறிய கியரிலேயே இறங்கு என்பதும் இதே கணக்கின் மறுபக்கம். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும், அது சுலபமில்லை, அந்தச் சிரமம்தான் பிரேக்காக நமக்கு உதவுகிறது. நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். இப்போதுள்ள காமன் ரெயில் இன்ஜின்களில் (டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து விடும் வகை) கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால்தான் ஐட்லிங்குக்காகக் கொஞ்சம் எரியும். டீசலும் மிச்சமில்லை, பிரேக்கும் சூடேறிப் போகும்.

சரி, அந்த நீளக் குழாய்க்கு வருவோம். புத்தகத்தில் புரொபெல்லர் ஷாஃப்ட், பட்டறையில் ஜாயின்ட் ராடு. இது நேராக ஒரே கம்பியாக இருக்க முடியாது. கியர்பாக்ஸ் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பிடித்திருக்கிறது, அது அசையாது. பின் ஆக்ஸிலோ கமான் பட்டையில், அதாவது வில்போல் வளைந்த ஸ்பிரிங் பட்டையில், உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலும் கீழும் ஆடும். ஒரு முனை நிலையாக நிற்க மறுமுனை ஆடினால் நடுவில் மூட்டு வேண்டும், நம் மணிக்கட்டு மாதிரி. அதுதான் கிராஸ்: கூட்டல் குறி போன்ற ஒரு இரும்பு, நாலு முனையிலும் நாலு குப்பி, குப்பிக்குள் ஊசி ஊசியாகப் பேரிங். ஆக்ஸில் ஆடும்போது தூரமும் கொஞ்சம் கூடிக் குறையும், அதற்காக ராடில் ஒரு இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல்வெட்டு இருக்கும்.

இந்த மூட்டில் ஒரு கோளாறு பிறவியிலேயே உண்டு. வளைந்த நிலையில் சுற்றும்போது, உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும் வெளியே போகும் சுற்று சீராக இருக்காது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். ஒரே ஒரு கிராஸ் இருந்தால் வண்டி நடுங்கிக்கொண்டே போகும். அதனால்தான் இரண்டு போடுகிறார்கள், முதல் கிராஸ் செய்யும் தப்பை இரண்டாவது எதிர்த்தப்புச் செய்து சரிக்கட்டுகிறது. இது நடக்க ராடின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டை போன்ற கவைகள் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும், இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். நல்ல மெக்கானிக் ராடைக் கழற்றும் முன்பு பெயின்டாலோ உளியாலோ அடையாளம் போட்டுக்கொள்வது இதற்காகத்தான். பல்வெட்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சரிக்கட்டல் கெடும். கிராஸ் மாற்றிய மறுநாளிலிருந்து வண்டி அதிர்கிறது என்று யாராவது சொன்னால் புதுக் கிராஸைச் சந்தேகிக்க வேண்டாம், கவை வாட்டத்தைப் பாருங்கள். 1670-களிலேயே இந்த மூட்டை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக்; எவ்வளவு எடைக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்ற விதியைச் சொன்னவரும் அவரேதான். கமான் பட்டையும் அவர் கணக்கு, அது ஆடுவதால் தேவைப்பட்ட கிராஸும் அவர் கணக்கு என்று நினைத்தால் எனக்கு ஒரு வேடிக்கை.

கமான் பட்டையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். காலி வண்டி ஏன் இப்படித் தூக்கிப் போடுகிறது என்று புதிதாக வாங்கிய எல்லோரும் கேட்பார்கள். ஒன்றரை டன் மூட்டையைத் தாங்கச் செய்த பட்டை உங்கள் டிபன் பாக்ஸுக்காக வளையாது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய தொல்லை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: இன்னும் கூட ஏற்றலாம் என்று வண்டி வாங்கிய வாரமே எக்ஸ்ட்ரா பட்டை போடுகிறவர்கள். பட்டை கூடினால் பின்பக்கம் தூக்கும், தூக்கினால் ராடின் கோணம் மாறும், முன்பு சொன்ன இரண்டு கோணச் சமம் குலைந்து கிராஸ் சீக்கிரம் போகும், ராடை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் இருந்தால் அதன் ரப்பரும் கிழியும். பட்டைதான் தாங்கும், ஆக்ஸிலும் பிரேக்கும் பழைய ஆக்ஸில், பழைய பிரேக்தான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பித்து, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 சேரும் என்பது வேறு.

கிராஸ் போவதை வண்டி முன்கூட்டியே சொல்லும். கிளட்சை விட்டுக் கிளம்பும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், ரிவர்ஸ் போட்டு எடுத்தால் இன்னொரு 'டக்'. பிறகு அது 50, 60 வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கமாக மாறும். அடியில் பார்த்தால் குப்பி ஓரத்தில் செம்மண் மாதிரித் துருப்பொடி தெரியும், உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ராடைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கிராஸிலேயே ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். இதைத் தள்ளிப்போட்டு ஓடுகிற வண்டியில் ராடு அறுந்து விழுந்தால், பின்முனை விழுவதுகூடப் பரவாயில்லை, இழுத்துக்கொண்டு போகும். முன்முனை விழுந்து ரோட்டில் குத்திக்கொண்டால் வண்டியையே கம்பு ஊன்றித் தாண்டுகிற மாதிரி தூக்கிவிடும். இன்னொன்று, ராடைக் கழற்றி வைத்திருக்கும் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறேன் என்று நம்பி அடியில் படுக்காதீர்கள். கியருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இப்போது எதுவுமே இல்லை.

இப்போது பூசணிக்காய். டிஃபரன்ஷியல் என்பது முழுப்பெயர், பட்டறையில் கிரவுன் என்றால் போதும்.

மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு சுற்றாது, அச்சின் இரண்டு முனையிலும் சக்கரங்கள் தனித்தனியாகச் சுற்றும், கழன்று போகாமல் கடையாணி. முக்கில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் உருளும், உள்சக்கரம் கம்மியாக உருளும், யாருக்கும் தொல்லையில்லை, ஏனென்றால் சக்கரத்தை யாரும் சுற்றவில்லை, மாடுதான் இழுக்கிறது. பிக்கப்பில் சக்கரத்தையே சுற்ற வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் கோத்துச் சுற்றினால் நேர்ரோட்டில் சரி, திரும்பும்போது? இரண்டு பின்சக்கரத்துக்கும் இடையே 1.4 மீட்டர் என்று வையுங்கள். ஒரு தெருமுக்கில் செங்குத்தாகத் திரும்பினால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 2.2 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். டயரின் ஒரு முழுச் சுற்றே 2.2 மீட்டர்தான் என்று மேலே பார்த்தோம். அதாவது ஒவ்வொரு தெருமுக்கிலும் வெளிச்சக்கரம் ஒரு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். கோத்துக் கட்டிய சக்கரமானால் அந்த ஒரு சுற்றை ரோட்டில் தேய்த்துத்தான் தீர்க்கும். ஒன்று டயர் போகும், இல்லை ஆக்ஸில் முறுகும்.

இரண்டையும் சுற்றவும் வேண்டும், வேறு வேறு வேகத்தில் சுற்ற விடவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் முடித்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களின் கடைசியிலேயே, கார் என்ற ஒன்று பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், ராடின் நுனியில் சின்னப் பல்சக்கரம், அது பினியன். அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும், நாலுக்கு ஒன்று குறைவது இங்கேதான், சுற்று தொண்ணூறு டிகிரி திரும்பி சக்கரத்தின் பக்கம் போவதும் இங்கேதான். கிரவுன் நேரடியாக ஆக்ஸிலைச் சுற்றுவதில்லை. தன்னோடு ஒரு கூண்டைச் சுற்றுகிறது, கூண்டுக்குள் குட்டிப் பல்சக்கரங்கள் குறுக்கே ஒரு ஊசியில் கோத்திருக்கின்றன, அவற்றின் இரண்டு பக்கமும் இடது ஆக்ஸிலின் பல்சக்கரம், வலது ஆக்ஸிலின் பல்சக்கரம். படம் வரைந்தால்கூட முதல் தடவை தலை சுற்றும், அதனால் அக்கா மகனுக்கு நான் கிணற்றுக் கப்பியைத்தான் சொன்னேன்.

ஒரு கப்பியில் கயிறு போட்டு இரண்டு முனையிலும் ஒவ்வொரு குடம் கட்டுங்கள். இப்போது கப்பியையே பிடித்து மேலே தூக்குங்கள். இரண்டு குடமும் சம எடையென்றால் இரண்டும் ஒன்றாக மேலே வரும், கப்பி தன் அச்சில் சுற்றவே சுற்றாது. வண்டி நேர்ரோட்டில் போவது இதுதான்: குட்டிப் பல்சக்கரம் கூண்டோடு போகும், தான் சுற்றாது. ஒரு குடத்தை யாராவது லேசாகக் கீழே பிடித்துக்கொண்டால், அது மெதுவாக வரும், மற்றது அந்த அளவுக்கு வேகமாக வரும், கப்பி கொஞ்சம் உருளும். வண்டி திரும்புவது இது. இதில் கவனிக்க வேண்டியது, கயிற்றின் இழுப்பு இரண்டு பக்கமும் எப்போதும் சமம். கப்பிக்கு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி என்று கொடுக்கத் தெரியாது.

இப்போது ஒரு குடத்தை அறுத்து விட்டுவிடுங்கள். கப்பியை எவ்வளவு தூக்கினாலும் வெறும் முனை சரசரவென்று மேலே ஓடும், குடம் இருக்கிற முனை இருந்த இடத்திலேயே இருக்கும். ஏனென்றால் வெறும் முனையில் இழுப்பு பூஜ்யம், இரண்டு பக்கமும் சமம் என்பதால் குடத்துக்கும் பூஜ்யம். சேற்றில் நடந்தது இதுதான். இடது சக்கரம் வழவழ சேற்றில், அதைச் சுற்ற விசையே வேண்டாம். ஆகவே வலது சக்கரத்துக்கும் அந்த விசையே இல்லாத விசைதான் போகும், அது கெட்டித் தரையில் நின்றாலும் பயனில்லை. நான் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சுற்று முழுவதும் இடது பக்கமே ஓடிவிட்டது. டிஃபரன்ஷியல் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது, அதனால்தான் நின்றோம்.

அதிலிருந்து வெளியே வர வழியும் இந்தக் கப்பியிலேயே இருக்கிறது: வெறும் முனைக்குக் கொஞ்சம் பாரம் கொடுக்க வேண்டும். சுற்றுகிற சக்கரத்துக்கு அடியில் கல், தென்னை மட்டை, சாக்கு எது கிடைத்தாலும் திணிக்கலாம். பின்பக்கம் நாலு பேரை ஏற்றி நிறுத்தலாம். அப்புறம் ஒரு பழைய தந்திரம், ஹேண்ட் பிரேக்கைக் கால்வாசி, அரைவாசி இழுத்துக்கொண்டு மெதுவாகக் கிளட்சை விடுவது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரம் இரண்டையும் பிடிக்கும், சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு அது ஒரு தடை, அந்தத் தடைக்குச் சமமான விசை மறுபக்கமும் போய்ச் சேரும். எல்லா நேரமும் பலிக்காது, லேசான சேற்றில் பலிக்கும். செய்யக்கூடாதது ஒன்றுண்டு, கோபத்தில் முறுக்கி முறுக்கி மிதிப்பது. சுற்றுகிற சக்கரம் குழி தோண்டும், அது ஒரு பக்கம். சாதாரணமாக முக்கில் மட்டும் மெல்ல உருள வேண்டிய குட்டிப் பல்சக்கரங்கள் அந்த நேரத்தில் பேய் வேகத்தில் சுற்றுகின்றன, அவை அதற்காகச் செய்தவை அல்ல. இரண்டு பேரைப் பின்னால் ஏற்றி நிறுத்தி, வாழை மட்டையைத் திணித்து, செகண்ட் கியரில் மெதுவாக எடுத்தோம், மூன்றாவது தடவையில் வந்தது. முதல் கியரில் முறுக்கு அதிகம், வழுக்கும் இடத்தில் முறுக்கு அதிகமாவது உபகாரமில்லை.

நாலு சக்கரமும் தள்ளுகிற வண்டி வாங்கினால் தீர்ந்ததா என்று கேட்கலாம். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருந்து முன்பக்கமும் ஒரு ராடு போகும், முன்னாலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியலைப் பூட்டவும் பட்டன் உண்டு, பூட்டினால் கப்பியில் கயிறு ஓடாமல் முடிச்சுப் போட்ட மாதிரி. ஆனால் இந்த வகை வண்டிகளில் நாலு சக்கர ஓட்டத்தைக் காய்ந்த தார்ரோட்டில் போட்டு ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் போகும் தூரமும் வேறு வேறுதான், அவற்றுக்கு நடுவில் கப்பி இல்லை, சேறாக இருந்தால் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும், தார் என்றால் முறுகி நிற்கும். காய்கறி ஏற்றுகிற நமக்கு அவ்வளவு விலை கொடுத்து அது தேவையா என்றால், என் கருத்து தேவையில்லை. வருடத்தில் நாலு நாள் மாட்டுவோம், வாழை மட்டை இலவசம்.

கிரவுன் கெடும்போது வரும் சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகினால் பட்டறையில் பாதிப் பணம் மிச்சம். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது 'ஊ...' என்று வந்து, விட்டால் நிற்கிறதா, இல்லை விடும்போது மட்டும் வருகிறதா, பினியன் பக்கம் சந்தேகப்படுங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமி, ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டும்போது மட்டும் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங், கிரவுனைத் திறக்கச் சொல்லும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள். திரும்பும்போது மட்டும் கடகடத்தால் உள்ளே அந்தக் குட்டிப் பல்சக்கரம்.

அதில் ஊற்றும் ஆயில் இன்ஜின் ஆயில் அல்ல. பினியன் கிரவுனின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும், அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் போகும், அந்த அழுத்தத்துக்குக் கந்தகம் கலந்த கியர் ஆயில் வேண்டும், ஜிஎல்-5 என்று டப்பாவில் போட்டிருக்கும். திறந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். அதே ஆயிலைக் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள், கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருந்தால் அதை இது அரிக்கலாம். உங்கள் வண்டியின் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதுதான், கடைக்காரர் சொல்வது அல்ல. பழைய ஆயிலை இறக்கும்போது அடைப்புத் திருகில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் இயல்பு, விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் இயல்பல்ல.

இந்த ஆயில் விஷயத்தில்தான் நான் செமத்தியாக ஏமாந்தேன். இரண்டு வருடம் முன்பு, மலையிலிருந்து லோடோடு இறங்கும்போது பின் பிரேக் ஒரு பக்கம் பிடிக்கவே இல்லை. டிரம்மைக் கழற்றினால் உள்ளே கியர் ஆயில் குளமாக நிற்கிறது. ஆக்ஸில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். ஒரு மாதத்தில் மறுபடியும் அதே. சீல் மட்டமானது என்றார்கள், வேறு போட்டேன், பிரேக் லைனிங்கும் ஆயிலில் ஊறிப்போனதால் அதுவும் புதிது. மூன்றாவது தடவை வேறு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் சீலைத் தொடவே இல்லை. ஆக்ஸிலின் மேல்பக்கம் கையை விட்டுத் தடவி, "தம்பி, இது மூச்சு விட முடியாமக் கிடக்கு. சீலை மாத்தி மாத்தி என்ன பண்றது?" என்றார்.

அங்கே ஒரு சின்ன மூடி இருக்கிறது, விரல் நகம் அளவு. ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும், அது வெளியே போக வழி வேண்டும். தோட்டத்துச் சேறு அதில் அப்பிக் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. விரிந்த காற்றுக்கு வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளியிருக்கிறது, எந்தச் சீலைப் போட்டாலும் தள்ளத்தான் செய்யும். அவர் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, கையால் சுற்றிப் பார்த்து, சீல் ஒன்று போட்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கசிவில்லை. ஒவ்வொரு தடவை மலையிலிருந்து வந்து வாட்டர் சர்வீஸ் விடும்போதும் அக்கா மகன்தான் இப்போது அடியில் புகுந்து அந்த மூடியைத் துடைக்கிறான், துடைத்துவிட்டு ராடையும் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்துவிட்டு வருகிறான்.